கரையில் காத்திருந்தவரைக் கப்பலில் அழைத்துப் போக: ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மண்டபம் பக்கம் சொந்த ஊரில் குடியிருக்கிறேன். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் முப்படைகளிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்டார்கள், கை கால் இன்னும் ஒத்துழைக்கிறது. அப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்பது: “பயணிகள் கப்பல்ல ஒரு தடவை போயிட்டு வரணும்ணே. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” அவர்களுக்காகத்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

இந்தப் பயணத்தை உங்கள் மனைவியை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். விசாகப்பட்டினம், கொச்சி, போர்ட் பிளேர் என்று நமக்குத் துறைமுகம் மாறிக்கொண்டே இருந்தது. தரைப்படைக்காரர்களுக்கு எல்லையும் முகாமும் மாறின. அந்த வருடங்களில் தண்ணீர்க் குடம், ரேஷன் வரிசை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமனார் மாமியார் மருத்துவம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் அவர். மன்னார் வளைகுடாத் தீவுகளில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களை விட்டால், இந்தக் கரையில் பிறந்த பெண்களில் பலர் ஒரு வல்லத்தில்கூட ஏறியதில்லை. வாழ்நாள் முழுக்கக் கடலைப் பார்த்திருப்பார்கள். நடுக்கடலிலிருந்து ஒருநாளும் கரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே எந்தக் கப்பல், எந்த மாதம், எந்த அறை என்ற ஒவ்வொரு முடிவிலும் அவர் சொல் முதலில் வரட்டும்.

எங்கிருந்து ஏறுவது

ராமேஸ்வரத்துக்கே பெரிய கப்பல் வராதா என்று பலரும் கேட்கிறார்கள். வராது. பயணிகள் கப்பலின் அடிப்பாகம் ஆறேழு மீட்டர் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். பாக் நீரிணையும் ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளும் அதற்கு இடம் கொடுக்காது. பாம்பன் கால்வாயில் சிறு கப்பல்களும் விசைப்படகுகளும்தான் போக முடியும். அந்த ஆழமின்மையை நீக்க 2005 ஜூலையில் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றுவிட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் பயணிகள் ஏறிய காலம் ஒன்று உண்டு. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் போட் மெயில் ரயில், கப்பல், மறுகரை ரயில் எல்லாம் மாறிக் கொழும்பு சேர்ந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது.

இன்று நமக்குப் பக்கத்தில் இருப்பது சென்னைதான். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் அங்கிருந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் பன்னாட்டுப் பயணிகள் கப்பல் முனையம் திறக்கப்பட்டது. அதே மாதம் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணம் ஆரம்பமானது. ஆண்டு முழுவதும் சென்னையில் கப்பல் நிற்காது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் மாதங்களில் இங்கே வரும், பிறகு மும்பைக்குத் திரும்பும். வழித்தடமும் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறுவதால், அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், மரினா பே முனையத்தில் ஏறிப் பினாங்கு, புக்கெட் பக்கம் போய்வரலாம். அப்படிப் போனால் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைய வேண்டியிருக்கும். விசா பலமுறை நுழைவுக்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். இன்னொன்று லட்சத்தீவு. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டாது. நடுத்தண்ணீரில் நிறுத்தி, ஆடும் சிறு படகுக்கு உங்களை இறக்குவார்கள். முழங்கால் வலி உள்ள அம்மாவை அந்த இடத்தில் தாண்டச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்ற பயம் இருந்தால், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் சிறு பயணிகள் கப்பலில் முதலில் போய்ப் பார்க்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். சிறு கப்பலில் ஆட்டம் கூடுதலாகவே இருக்கும். அதைத் தாங்கினால் பெரிய கப்பலைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எந்தக் காற்றில் போவது

காற்றைப் பற்றி இந்தக் கரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோழகம் என்ற தென்காற்று வீசும்போது மன்னார் வளைகுடா பொங்கும், பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும்; வாடையில் தலைகீழாகும். ஒன்றை ஆண்கடல், மற்றதைப் பெண்கடல் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். இதே அறிவைப் பயணத்துக்கும் பயன்படுத்துங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இலங்கையின் தென்முனை முரட்டுக் கடல்; அம்பாந்தோட்டைக்குப் போகும் கப்பல் அந்த அலைக்குள்தான் நுழையும். அதே மாதங்களில் திருகோணமலைப் பக்கம் அமைதியாக இருக்கும். முதல் பயணத்துக்குத் திருகோணமலை அல்லது காங்கேசன்துறை வழித்தடத்தையே எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். அப்போது டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தாள்கள்

ஊர்ப்பக்கம் அதிகம் தடுமாறுவது இதில்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்தியத் துறைமுகங்களுக்கு மட்டும் போகும் பயணத்துக்குப் படம் உள்ள அரசு அடையாள அட்டை போதும். இலங்கை என்றால் பாஸ்போர்ட் கட்டாயம். திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் அது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1500 ரூபாய். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிய விண்ணப்பத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. போலீஸ் விசாரணை உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து வரும். விண்ணப்பித்த வீட்டில் அந்த வாரங்களில் ஆள் இருக்க வேண்டும்.

சிக்கல் பெயரில் வரும். நம் ஊரில் தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை முழுவதும் விரித்து எழுத வேண்டும். பென்ஷன் ஆணையில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருக்கும். சேர்ந்த காலத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இன்றுவரை படைப் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். கப்பல் டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் தவறாக இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்டு இந்தச் சாக்கிலேயே திருத்திவிடுங்கள். நாளை குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவர் அலையக் கூடாது. கப்பல் பயணம் நடக்காமல் போனாலும் இந்த ஒரு வேலை மட்டும் நடந்தே ஆக வேண்டும்.

இலங்கையில் இறங்குவதற்கான நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் அன்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டும் அறையும்

விளம்பரத்தில் வரும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் ஒருவருக்கான தொகை. துணையை இழந்தவர் தனியாகப் போனால் கூடுதலாகக் கேட்பார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று சேர்ந்து போவது செலவுக்கும் நல்லது, பேச்சுத்துணைக்கும் நல்லது. விலைக்கு மேல் துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் ஏறும். சாப்பாடு பெரும்பாலும் டிக்கெட்டுக்குள் அடங்கும். மதுபானம், இணையம், கரையில் சுற்றிக்காட்டும் பேருந்து இவையெல்லாம் தனி. மொத்தத் தொகை எவ்வளவு என்று ஒரே தாளில் கேளுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கப்பலில் இருந்தவர்களின் அனுபவம் உதவும். கப்பல் அலையில் சீசா பலகை போல முன்னும் பின்னும் ஏறி இறங்கும். நடுவில் அசைவு குறைவு. உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம் என்று கேளுங்கள். நடன அரங்குக்குக் கீழேயும், நங்கூரச் சங்கிலி இருக்கும் முன்முனையிலும் வேண்டாம். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு. இளைஞர்களுக்கு அது சரி, தூங்க மட்டும்தான் வருவார்கள். உங்கள் மனைவிக்குக் கடல் தெரியும் ஜன்னலாவது வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த ஒரு செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

உடம்பும் மாத்திரையும்

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஈ.சி.எச்.எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மருத்துவமனையில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பார்த்துவிடுங்கள். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரையைச் சேர்த்து வாங்குங்கள். மருந்துச் சீட்டின் நகலும் கூடவே இருக்கட்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் மாத்திரை, இன்சுலின், கண்ணாடி, பாஸ்போர்ட் நான்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்பெட்டி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவையுங்கள்.

குமட்டல் வருவது பலவீனத்தால் அல்ல. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறோம் என்கிறது, அறைக்குள் இருக்கும் கண் அசையவில்லை என்கிறது, மூளை குழம்புகிறது. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. சுக்கும் இஞ்சி மிட்டாயும் கைவசம் இருக்கட்டும். அவோமின் போன்ற மாத்திரை குமட்டல் தொடங்குமுன் எடுத்தால்தான் பலன் தரும், தூக்கமும் வரும். முக்கியமாக, புராஸ்டேட் தொந்தரவோ கண்ணில் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் சிறுநீரை அடைக்கலாம், கண் அழுத்தத்தைக் கூட்டலாம். மருத்துவரைக் கேட்காமல் பக்கத்து அறைக்காரர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள்.

கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் ஈ.சி.எச்.எஸ் அட்டையைக் காட்டிக் கட்டணமின்றிச் சிகிச்சை பெற முடியாது. பயணக் காப்பீடு எடுங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரை, இதய நோய் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிறகு பணம் வராது. அவசரத்தில் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் காப்பீடு ஏற்கிறதா என்று பாருங்கள்.

வீட்டைப் பூட்டுமுன்

ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ் சான்றிதழ் பயண நாட்களில் காலாவதி ஆகிறதா என்று ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதிய இணையதளத்தில் பாருங்கள். ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்றிதழ் வசதி வழியாகக் கைபேசியில் முகம் காட்டியே கொடுக்கலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து எடுத்துத் தருகிறார்.

பிறகு ஒரு மாலை மனைவியோடு உட்காருங்கள். பென்ஷன் ஆணை எங்கே, வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாமா, ஈ.சி.எச்.எஸ் அட்டை யாருக்கு எது, காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில். அவர் கையால் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நகலை மகனுக்கோ மகளுக்கோ அனுப்புங்கள். வீட்டுச் செலவின் ஒவ்வொரு பைசாவும் அவருக்குத் தெரியும், ஆனால் நம் படைத்தாள்களை நாம் ஒருநாளும் காட்டியதில்லை. பயணம் அதற்கு நல்ல காரணம். கேஸ், மோட்டார், கோழிகள், துளசிக்குத் தண்ணீர் எல்லாம் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பெட்டி

பருத்திப் புடவை, சுடிதார், கைலி எதுவானாலும் பழகிய உடையே நல்லது. உள்ளே குளிர்சாதனம் பலமாக இருக்கும், ஒரு சால்வை எடுங்கள். ரப்பர் அடி உள்ள செருப்பு இருவருக்கும் கட்டாயம். ஈரத் தளத்தில் தோல் செருப்பு வழுக்கும். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், வாட்டர் ஹீட்டர் கம்பி, கத்தி ஆகியவற்றை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். கப்பலில் தீயைவிடப் பெரிய எதிரி கிடையாது, அந்த விதி நூற்றுக்கு நூறு சரி. கருவாடும் மாசியும் வேண்டாம். மூடி முத்திரையிட்ட பருப்புப்பொடி, ஊறுகாய்ப் பொட்டலத்தை அனுமதிக்கிறார்களா என்று கேட்டு எடுத்துப் போகலாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஹலால் உணவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கப்பல் திசை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் தொழுகைக்கு ஒவ்வொரு வேளையும் திசைகாட்டியைப் பார்க்க வேண்டும்.

ஏறும் நாள்

சேது எக்ஸ்பிரஸோ போட் மெயிலோ, கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாளே சென்னை போய்ச் சேரும்படி ஏறுங்கள். அதே நாள் காலையில் இறங்கி நேரே துறைமுகம் போகிற திட்டம் வேண்டாம். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. துறைமுகத்தில் பாதுகாப்புச் சோதனை, குடியேற்றச் சோதனை இரண்டுக்கும் நின்றாக வேண்டும். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஏறியவுடன் கைபேசியை விமானப் பயண நிலையில் வையுங்கள். கரையை விட்டு விலகியதும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பெரிய கட்டணத்தை ஏற்றிவிடும்.

பிறகு பாதுகாப்பு ஒத்திகை. இதைத் தவிர்க்கப் பார்ப்பவர்களை எல்லாக் கப்பலிலும் காணலாம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை; 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இடம் கொடுத்தது. 2015 ஜனவரி 1 முதல், புதிதாக ஏறியவர்களுக்குப் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஊதல், அதன்பின் ஒரு நீண்ட ஊதல் கேட்டால் உங்கள் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். ஒத்திகை முடிந்ததும் அறையிலிருந்து அந்த இடத்துக்கு மின்தூக்கியைத் தொடாமல் படி வழியாக ஒருமுறை இருவரும் நடந்து பாருங்கள். உயிர்காப்பு மேலங்கியை அவர் தன் கையாலேயே கட்டிப் பார்க்கட்டும்.

கடலில் இருக்கும் நாட்கள்

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் ஏறியதும் பழைய தோழர் யாராவது அகப்படுவார், மாலையில் உட்கார்ந்து கதை ஆரம்பித்தால் இரவுச் சாப்பாடு வரை போகும். மனைவி அறையில் தனியாக இருப்பார். இதைச் செய்யாதீர்கள். மது அருந்துவதும் சூதாட்ட மேசையும்தான் நோக்கம் என்றால், அந்தப் பணத்தைப் பேரப்பிள்ளை பேரில் போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாம்.

முதல் நாள் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சமைக்க வேண்டியதில்லை, பாத்திரம் இல்லை, வாசல் தெளிக்க வேண்டியதில்லை. விடியலில் மேல்தளத்துக்கு அழைத்துப் போங்கள். கூட்டம் இருக்காது, காற்று நன்றாக இருக்கும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். வெளிக்கதவுகள் காற்றில் பலமாக அறையும், விரல் பத்திரம். வாசற்படிகள் உயர்ந்திருக்கும், காலைத் தூக்கி வைக்க வேண்டும். அங்கே நின்று உங்கள் வேலையைக் காட்டுங்கள். இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை; இரவில் எதிரே சிவப்புத் தெரிந்தால் அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது; நள்ளிரவு முதல் நான்கு மணி வரையிலான வாட்ச்சில் (காவல் முறையில்) எதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பல வருடம் கடிதத்தில் மட்டும் படித்த சொற்களை அவர் கண்ணால் பார்ப்பார். அவர் அதற்குப் பதிலாக அந்த வருடங்களில் வீட்டில் நடந்தவற்றைச் சொல்லத் தொடங்குவார். குறுக்கிடாமல் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்கள் வெளிவரும்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் அளவின்றிக் கிடைக்கும், சர்க்கரைக்காரர்கள் வீட்டுத் தட்டின் அளவையே வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு கிருமி கப்பலில் வேகமாகப் பரவும். அதற்குக் கைத்தேய்ப்புத் திரவம் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கரையில் இறங்கும்போது

திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கப்பலின் கடிகாரம் சொல்வதுதான் நேரம். திருகோணமலையில் கோணேசர் கோயில் சுவாமி மலைமேல் இருக்கிறது, வழி பிரெட்ரிக் கோட்டைக்குள் போகிறது, ஏற்றம் உண்டு. முழங்கால் வலி இருந்தால் வாகனம் எதுவரை போகும் என்று முதலிலேயே கேளுங்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடம். கடற்படைக்காரர்கள் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார்கள். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை பக்கத்திலேயே இருக்கிறது, நல்லூர் யாழ்ப்பாண நகருக்குள். அங்கே உறவு இருக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கோயிலிலேயே சந்தித்துக்கொள்ளலாம்.

திரும்பும் முந்தைய இரவு

பெட்டிகளை இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணி, மாத்திரை, பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பூட்டுங்கள். கணக்குச் சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியையும் பாருங்கள். வாங்காத பொருள் இருந்தால் கப்பலை விட்டு இறங்குமுன் வரவேற்பு மேசையில் சொல்ல வேண்டும், பிறகு தபாலில் எழுதிப் பிடிப்பது கஷ்டம். காலையில் இறங்கினாலும் ராமேஸ்வரம் பக்கம் ரயில் மாலையில்தான். நடுவில் ஓய்வெடுக்க ஓர் அறையோ உறவினர் வீடோ ஏற்பாடு செய்யுங்கள். ஊர் வந்த பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவது போலத் தோன்றும், தானே போய்விடும். ஒரு வாரம் தாண்டியும் தலைசுற்றல் நின்றபாடில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.